ஜக்கார்டு அட்டைக்கு முன்னால் ஒரு படக்கருவி

பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் நகரி மலையின் மூக்கு தெரியும். சேலைக் கரைக்கும் முந்திக்கும் டிசைன் போட்டு, அதை ஜக்கார்டு அட்டையாக, அதாவது எந்த நூலைத் தூக்குவது என்று தறிக்குச் சொல்லும் துளை அட்டையாக, அடித்துக் கொடுப்பது அப்பா காலத்திலிருந்து எங்கள் தொழில். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கத்துத் தறிக்காரர்களும் வருகிறார்கள். எல்லைக்கு அப்பால் நகரி, நாராயணவரம் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் நூலும் அட்டையும் கூலிக் கணக்கும் இன்றும் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரே பறவையை ஒருவர் அன்னம் என்று கேட்பார், அடுத்தவர் ஹம்ஸ என்று கேட்பார். இரண்டு பேருக்கும் அப்பா ஒரே கிராஃப் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்.

சென்ற ஆண்டு நான் இந்த வேலைக்குள் படம் உருவாக்கும் ஏஐ கருவி ஒன்றைக் கொண்டுவந்தேன். அதைக் கேள்விப்பட்டு இதே தொழிலில் இருக்கும் சிலர் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கருவி, அதற்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த இரண்டு கேள்விக்கும் ஒரு நாளில் விடை கிடைத்துவிடும். நம் வேலையில் எந்தக் கட்டத்துக்கும் எந்தக் கட்டத்துக்கும் நடுவே அதை உட்கார வைப்பது என்ற கேள்விக்குத்தான் எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதனால் அதை விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வேலையின் வரிசை இதுதான். முதலில் பென்சிலில் ஒரு கோட்டுப் படம், அதைத் தறிக்காரர் பார்த்துச் சரி என்றால் கிராஃப், கிராஃபிலிருந்து அட்டை, அட்டைகளைக் கோத்துத் தறியின் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் தறி ஓடும். கிராஃபில் ஒரு பத்தி என்பது ஒரு கொக்கி, அதாவது பாவு எனும் நீளவாக்கு இழையைத் தூக்குவது; ஒரு வரிசை என்பது ஓர் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் ஓர் இழை, அதற்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்துக் கொக்கி ஏறும், இல்லாத இடத்துக் கொக்கி ஏறாது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய பெட்டி அன்றிலிருந்து இதே முறையில்தான் வேலை செய்கிறது. கணக்கிடும் இயந்திரத்துக்குத் துளை அட்டை வைக்கும் யோசனையைச் சார்லஸ் பாபேஜ் இந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்தார் என்பதை அப்பா எப்போதும் பெருமையோடு சொல்வார். எனக்கும் அந்தப் பெருமை உண்டு.

இந்த வரிசையில் நாள் கணக்கில் நேரம் வீணாகப் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். தறிக்காரர் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, இதையே இன்னும் நாலு விதமா காட்டு" என்பார். வாலைச் சுருட்டி ஒன்று, கொடியைச் சேர்த்து ஒன்று, பறவையைத் திருப்பி ஒன்று என்று வரைந்து முடிப்பதற்குள் வாரம் ஓடிவிடும். அவர் கடைசியில் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் முதல் படத்தைத்தான். படக்கருவிக்கு ஏற்ற இடம் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தொடக்கத்தில் நான் அதைக் கோட்டுப் படத்துக்கும் முன்னால், வேலையின் முதல் இடத்தில் வைத்தேன். அதுதான் தவறாகப் போனது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் மாதக் கட்டணத்துக்குப் படம் செய்து தரும் சேவைகள் பல இருந்தாலும், நான் என் கணினியிலேயே ஓடும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையைத்தான் எடுத்தேன். தறிக்காரர் ஒருவர் தீபாவளிக்கென்று யோசித்து வைத்திருக்கும் கரையை, அது தறியில் ஏறுவதற்கு முன்பே வேறொருவருடைய சர்வருக்கு ஏற்றி அனுப்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அது அவர் என்னை நம்பிக் கொடுத்த பொருள். 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தி, அந்த வகையில் 2023 ஜூலையில் வெளியான எஸ்டிஎக்ஸ்எல் என்ற மாதிரியை (படம் போடக் கற்ற கோப்பு, ஆங்கிலத்தில் மாடல்) இறக்கிக்கொண்டேன். ஏறக்குறைய 7 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பு அது. அதை இயக்குவதற்குக் கம்ஃபியுஐ என்ற இலவச மென்பொருள். மாதிரியை ஏற்றும் பெட்டி, எழுத்தை வாங்கும் பெட்டி, படத்தை உருவாக்கும் பெட்டி என்று திரையில் பெட்டிகள் கிடக்கும். அவற்றை நாமே கம்பி இழுத்து இணைக்க வேண்டும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் பாவு பிணைத்துப் பழகிய வீட்டில் அந்தப் பயம் இரண்டு நாளில் போய்விடும். கோப்பு இறக்கும்போது சேஃப்டென்சர்ஸ் வடிவத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். பழைய சிகேபிடி வடிவக் கோப்புக்குள் கெட்ட நிரலை ஒளித்து வைக்க இடமுண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் உரிம நிபந்தனை தனித்தனி என்பதையும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, முதல் இடத்தில் வைத்தது ஏன் தவறு என்பதற்கு வருகிறேன். இந்த மாதிரிகள் இணையத்தில் கிடைத்த கோடிக்கணக்கான படங்களையும், அவற்றோடு இருந்த பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்புகளையும் சேர்த்துக் கற்றவை. நாம் எழுதும் சொல் அந்தத் தலைப்புகளில் எந்தப் படத்தோடு கிடந்ததோ அந்தப் படத்தின் சாயல்தான் வரும். மாங்காய்க் கரை வேண்டும் என்று ஆங்கிலத்தில் மாம்பழத்தின் பெயரை எழுதினால் பழக்கடை வருகிறது. அந்த உருவத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் பெய்ஸ்லி. ஸ்காட்லாந்தில் சால்வை நெய்த ஓர் ஊரின் பெயர் அது. அந்தப் பெயரை எழுதினால் இடைவெளியே இல்லாமல் உள்ளே பூ நிரம்பிய சால்வைத் துணி வருகிறதே தவிர, நம் கரையில் வெறும் தரையின் மேல் ஒற்றையாகத் தலை சாய்த்து நிற்கும் மாங்காய் வருவதில்லை. அன்னத்துக்கு எழுதினால் ஐரோப்பிய ஏரியில் நீந்தும் வெள்ளைப் பறவை வருகிறது. வாலே கொடியாக மாறி மேலே ஏறும் நம் அன்னத்தை அது பார்த்ததே இல்லை. யாளிக்குச் சீனத்து நாகம் வந்தது. ருத்ராட்சம், மயில்கண், குயில்கண், ரேக்கு என்று கரை உருவங்களுக்கு எங்கள் வாயில் நாள் முழுவதும் புரளும் சொற்களில் ஒன்றுகூட அங்கே செல்லுபடியாகவில்லை. சொற்களை மாற்றி மாற்றி எழுதி ஏறக்குறைய ஒரு மாதத்தை நான் செலவழித்தேன். சொல்லால் ஆகாது என்று தெளிந்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

சொல்லால் ஆகாததைக் கோட்டால் சொல்லலாம். 2023 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ல்வ்மின் ஜாங் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட கண்ட்ரோல்நெட் என்ற முறை, நாம் கொடுக்கும் கோட்டுப் படத்தை எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு அதன்மேல் மட்டும் கருவியை வேலை செய்யச் சொல்கிறது. அப்பாவின் பென்சில் படத்தை ஸ்கேன் செய்து அந்தப் பெட்டிக்குள் கொடுத்தேன். அதன் பிடியை 0 முதல் 1 வரை கூட்டிக் குறைக்கலாம். 1 வைத்தால் அப்பாவின் கோடு அப்படியே திரும்பி வருகிறது, புதிதாக ஒன்றும் இல்லை, 0.4 வைத்தால் அன்னம் மறுபடியும் ஏரிக்குப் போய்விடுகிறது, 0.7க்கும் 0.8க்கும் நடுவே வைத்தால் உடலும் கழுத்தும் அப்பாவுடையதாகவே இருக்க, வாலும் கொடியும் இலையும் மட்டும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறாக விரிகின்றன. அரை நிமிடத்துக்குள் ஒரு படம். தறிக்காரர் கேட்ட "இன்னும் நாலு விதம்" இதுதான். ஆகவே கோட்டுப் படம் கையால், அதன் விதங்கள் கருவியால், கிராஃப் மறுபடியும் கையால் என்று வரிசை அமைந்தது.

அதன் பிறகும் இரண்டு தடைகள் இருந்தன, இரண்டுமே தறியிலிருந்து வந்தவை. முதலாவது, கரை என்பது முடிவில்லாமல் ஓடும் படம். கோத்த அட்டைகள் மாலைபோல வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால், கடைசி அட்டைக்கு அடுத்தது முதல் அட்டைதான். ஒரு சுற்றுக்குத் துணி 4 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் சேலையில் அதே அட்டைகள் 50 தடவைக்கு மேல் வந்துபோகும். கருவி தரும் படத்தின் அடி விளிம்பும் தலை விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், அந்த வெட்டு ஒரே சேலையில் 50 இடத்தில் தெரியும். இதற்கு வழி இருக்கிறது. படத்தின் ஒரு விளிம்பைத் தாண்டும்போது எதிர் விளிம்பைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும்படி மாதிரியின் உள்கணக்கை மாற்றும் கூடுதல் பெட்டி ஒன்று கம்ஃபியுஐக்குக் கிடைக்கிறது. அதை நீளவாக்குக்கு மட்டும் போட வேண்டும், அகலவாக்குக்குப் போடக் கூடாது. கரையின் இரண்டு பக்க ஓரமும் ஓரமாகவே நிற்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது தடையில் நான் 240 அட்டைகளை இழந்தேன். நாராயணவரம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவருக்கு 240 கொக்கியில் 3 அங்குலக் கரை. அவருடைய தறியில் அங்குலத்துக்குப் பாவு 80 இழை, ஊடை 60 இழை. 240 கொக்கியை 80ஆல் வகுத்தால் அகலம் 3 அங்குலம். 240 அட்டையை 60ஆல் வகுத்தால் உயரம் 4 அங்குலம். கருவி எனக்கு 1024க்கு 1024 புள்ளி என்று சதுரமான படம் கொடுத்தது. அதை 240க்கு 240 என்று சுருக்கினேன். திரையில் அழகாக இருந்தது. அட்டை அடித்துக் கொடுத்துவிட்டேன். திரையில் ஒரு புள்ளி சதுரம். துணியில் ஒரு புள்ளி அங்குலத்தில் 80இல் ஒரு பங்கு அகலமும் 60இல் ஒரு பங்கு உயரமும் கொண்டது. அப்பா பயன்படுத்திய கிராஃப் தாளில் கட்டமே இந்த விகிதத்தில் அச்சாகி வந்ததால், அவர் இதை நினைக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. நானும் வழக்கமான டிசைன் மென்பொருளில் தொடங்கியிருந்தால் முதல் கேள்வியே இழைக் கணக்காகத்தான் இருந்திருக்கும். புதிய கருவியின் வேகத்தில் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன். மூன்றாம் நாள் அந்தத் தறிக்காரர் முழ நீளத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மேசை மேல் விரித்து, "அன்னம் கேட்டேன், கொக்கு வந்திருக்கேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு அது அதிகம் வலித்தது. கழுத்து முழுவதும் மூன்றில் ஒரு பங்கு நீண்டு, தலை சிறுத்து, பறவையே வேறாக ஆகியிருந்தது. அட்டைச் செலவையும் அவருடைய நெசவாளரின் இரண்டு நாள் கூலியையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது இழைக் கணக்கை எழுதாமல் கருவியைத் திறப்பதில்லை. 3க்கு 4 என்ற விகிதம் வந்தால் 864க்கு 1152 என்று படத்தின் அளவை வைக்கிறேன். எஸ்டிஎக்ஸ்எல் பழகியிருக்கும் ஏறக்குறைய பத்து லட்சம் புள்ளி என்ற பரப்பை அது தாண்டுவதில்லை. அப்படி வந்த படத்தை 240க்கு 240 ஆக்கினால் திரையில் அன்னம் குள்ளமாகத் தெரியும், துணியில் சரியாக நிற்கும். திரையில் குள்ளமாகத் தெரிவதைப் பார்த்துப் பதறித் திருத்தாமல் இருப்பதற்கும் பழக்கம் வேண்டும்.

படம் கிராஃபாக மாறும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம், மிகவும் கடினமான இடமும் அதுவே. கருவிக்கு நிழல் பிடிக்கும். இலையின் நடுவே கருமையும் ஓரத்தில் வெளிச்சமுமாக ஆயிரம் சாயல் கொடுக்கும். கொக்கிக்குத் தெரிந்தவை இரண்டுதான், ஏறுவதும் ஏறாமல் நிற்பதும். படத்தைக் கருப்பு வெள்ளையாக வெட்டும்போது கொடியின் மெல்லிய காம்பு பாதி அறுந்துபோகிறது, இரண்டு இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைப் புள்ளி புள்ளியாகக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு கரைக்கு எனக்கு ஒன்றரை நாள் ஆகிறது. இதைக் குறைக்க நான் முயலவும் இல்லை, ஏனென்றால் கரை எங்களுடையதாக ஆவது இந்த ஒன்றரை நாளில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே கொக்கி பல அட்டைகளுக்குத் தொடர்ந்து ஏறியே இருந்தால், அந்த நூல் துணியின் மேல் கட்டில்லாமல் நீண்டு கிடக்கும். அங்குலத்துக்கு 60 ஊடை உள்ள துணியில் 30 அட்டைக்கு ஏறியிருந்தால் அரை அங்குல நூல் தொங்கலாக நிற்கும். சேலை கட்டியவருடைய வளையலிலோ மெட்டியிலோ மாட்டி ஒரே நாளில் கரை பிரிந்துவிடும். அதனால் நிரப்பிய பகுதிக்குள் இடையிடையே நூலைக் கீழே இறக்கிக் கட்டும் புள்ளிகளை வைக்க வேண்டும். கருவி கொடுக்கும் தடித்த இலைகளில் இப்படிப்பட்ட இடம் நிறைய வரும். மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் 8 கட்டத்துக்கு மேல் தொடரும் இடங்களைச் சிவப்பாகக் காட்டும் சிறு பைத்தான் நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். முதலில் எழுதியபோது கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்குத் தொடர்வதை எண்ணாமல் விட்டிருந்தேன்; அட்டை வட்டமாகச் சுற்றுவதை அப்பாதான் நினைவூட்டினார்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. கணினியை அவர் தொடுவதில்லை. கருவி கொடுத்த விதங்களில் 16ஐ ஒரே தாளில் அச்செடுத்து மாலையில் அவருடைய மேசையில் வைப்பேன். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் பேசாமல், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். ஒருநாள் ஏன் என்று கேட்டு எழுதி வைத்தேன். ஒன்றில் பறவைக்கு மூன்று கால் இருந்தது, அதை நானே பார்த்திருக்க வேண்டும். இன்னொன்றில் கொடி காம்பில்லாமல் காற்றில் தொடங்கியது. மற்றொன்றைப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா தூரத்துல நின்னு பாரு, பறவையே தெரியல" என்றார். கதவருகே போய் நின்று பார்த்தேன். உண்மைதான், இலைக்கூட்டம் மட்டுமே தெரிந்தது. கரை என்பது பந்தலின் மறுமுனையிலிருந்து பார்க்கப்படும் பொருள் என்பது ஒரு முழம் தூரத்தில் திரையைப் பார்த்து வேலை செய்த எனக்கு மறந்திருந்தது. அன்று 16இல் மூன்று மிஞ்சின. அந்த மூன்றைத்தான் தறிக்காரருக்குக் காட்டினேன். இப்போதும் 16ஐயும் யாருக்கும் காட்டுவதில்லை. நிறையக் காட்டினால் பார்ப்பவர் சோர்ந்துபோய் எதையும் தேர்ந்தெடுக்காமல் எழுந்து போகிறார்.

அப்பாவின் பழைய கிராஃப் தாள்களை எல்லாம் கொடுத்து லோரா என்னும் சிறு துணை மாதிரியைப் பழக்கிவிட்டால், சொல் எழுதினாலே நம் அன்னம் வந்துவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். வரும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாள்களில் பல, யாரோ ஒரு தறிக்காரர் பணம் கொடுத்துத் தம் தறிக்கென்று போட்டுக்கொண்டவை. அவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ கேட்டு, சம்மதித்தவர்களின் தாள்களை மட்டும் தனியே சேர்த்துவருகிறேன். இதுவரை 22 தாள் சேர்ந்திருக்கிறது. போதுமான அளவு சேரும்வரை பழக்குவதாக இல்லை. மேலும், டிசைன் கேட்டு வருகிறவரிடம் எந்தத் தறிக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் 11 வகைத் துணிகளை ஒதுக்கிவைத்திருக்கிறது, சேலையும் அதில் உண்டு. படம் விரைவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் குழித்தறிக்காரரின் கரையை விசைத்தறிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை நான் செய்வதில்லை.

நாராயணவரத்துக்காரரின் அன்னத்தை மறுபடியும் முதலிலிருந்து செய்து கொடுத்தேன். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் முதல் சேலை தறியிலிருந்து இறங்கியது. காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கரையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் விரல் நுனியை மெதுவாக இழுத்துக்கொண்டே நீளம் முழுவதும் போனார். எங்கும் விரல் மாட்டவில்லை. பிறகு, முதல் அட்டையில் என்ன எழுதி வைத்தாய் என்று என்னிடம் கேட்டார். அவர் காலத்தில் ஒவ்வொரு கட்டின் முதல் அட்டையின் ஓரத்திலும் தறிக்காரர் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் பென்சிலில் எழுதுவார், கிழிந்தால் எந்தத் தாளைப் பார்த்து மறுபடி அடிப்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. நான் அவற்றோடு, கை திருத்தம் முடிந்த கிராஃப் கோப்பின் பெயரையும், கருவி அந்தப் படத்துக்குக் கொடுத்த சீட் எண்ணையும் எழுதியிருந்தேன். சீட் என்றால் என்ன என்று கேட்டார். அதே மாதிரி கோப்பு, அதே கோட்டுப் படம், அதே எழுத்து, அதே அளவு, மற்ற அமைப்புகளும் அதே, அதோடு இந்த எண்ணையும் கொடுத்தால் இந்தக் கணினியில் அதே படம் திரும்ப வரும் என்று சொன்னேன். அவர் தம் பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்து, எண் மங்கலாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுது என்றார்.